தோட்டத்துச் செய்தியை நாலு பேர் பார்க்க வைப்பது எப்படி?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது சானமாவு. மழையை நம்பி ராகி, அதற்குள் ஊடுபயிராக அவரை, போரில் தண்ணீர் இருந்தால் தக்காளி, முட்டைக்கோஸ், கொத்தமல்லி, கையில் கொஞ்சம் முதல் இருந்தால் ரோஜா என்று இந்தப் பக்கத்து வெள்ளாமை நடக்கிறது. பல வீடுகளில் அப்பா தோட்டத்தில் இருப்பார், மகன் சிப்காட்டில் ஷிப்டில் இருப்பார். இரண்டு பேர் கையிலும் கேமரா வைத்த போன் இருக்கும்.

அந்தப் போனை வைத்து யூடியூபில் ஒரு சானல், பேஸ்புக்கில் ஒரு பக்கம், எழுதப் பிடித்தவர்கள் என்றால் ஒரு வலைப்பூ ஆரம்பிக்கப் பத்து நிமிடம் போதும். காசு செலவில்லை. அதனாலேயே நிறையப் பேர் ஆரம்பிக்கிறார்கள், நாலைந்து வீடியோவோடு நிறுத்தியும் விடுகிறார்கள். 'பார்க்க ஆளே வரவில்லை' என்பதுதான் பொதுவான குறை.

ஆள் வராததற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பஞ்சகவ்யா தயாரிப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் வந்துகொண்டே இருக்கும். அதையே இன்னொருவரும் சொன்னால் யார் பார்ப்பார்கள்? ஆனால், 'சானமாவில் செம்மண் நிலத்தில் இந்தத் தேதியில் நட்ட தக்காளி, 35-ஆம் நாள் இலை சுருண்டது, இவ்வளவு செடியைப் பிடுங்கினோம், கடைசியில் இவ்வளவு மிஞ்சியது' என்று உலகத்தில் ஒரே ஒருவரால்தான் சொல்ல முடியும். அந்தத் தோட்டத்துக்காரர்தான் அவர். பொது அறிவுரையை விட்டுவிட்டுச் சொந்த நிலத்தின் செய்திக்கு வந்தால்தான் சானல் வளரும்.

இது ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். 2006-ல் பெங்களூருவில் உள்ள மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி மையத்தில் ரிகின் காந்தி என்பவர் 'டிஜிட்டல் கிரீன்' என்ற முயற்சியைத் தொடங்கினார். கர்நாடகக் கிராமங்களில் விவசாயிகளையே பேச வைத்துப் படம் எடுத்து, பக்கத்து ஊர் விவசாயிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். படம் முடிந்ததும் பார்த்தவர்கள் முதலில் கேட்டது தொழில்நுட்பத்தைப் பற்றி அல்ல. அந்த விவசாயியின் பேர் என்ன, எந்த ஊர் என்றுதான் கேட்டார்களாம். தங்களைப் போன்ற ஆள், தங்கள் மண், தங்கள் பேச்சு என்று தெரிந்த பிறகுதான் காது கொடுத்தார்கள். வழக்கமான விரிவாக்கப் பணியோடு ஒப்பிட்டபோது, செலவழித்த பணத்துக்கு இந்த முறையில் சுமார் பத்து மடங்கு பலன் கிடைத்ததாக அந்தக் குழு கணக்குக் காட்டியது.

தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து 'வில்லேஜ் குக்கிங் சானல்'. விவசாய வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று யோசித்த ஒரு குடும்பத்துப் பையன்கள், சமையலில் கைதேர்ந்த தாத்தா பெரியதம்பியை முன்னால் வைத்து 2018-ல் ஆரம்பித்தார்கள். 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். அவர்களைப் பார்த்துச் சமையல் சானல் ஆரம்பித்தவர்கள் பலர். அதைவிட, அவர்கள் எதை மாற்றாமல் வைத்திருந்தார்கள் என்று கவனிப்பது உபயோகம். அதே வயல்வெளி, அதே ஆட்கள், விறகு அடுப்பு, தொடக்கம் முதல் சாப்பாடு பரிமாறுவது வரை முழு வேலையும் கண்முன்னே. பட்டண ஸ்டுடியோவைப் போல ஆக அவர்கள் முயலவில்லை.

தேதி, அளவு, ரூபாய்

புதுச்சேரியில் துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், நடந்த வியாபாரம், ஊரில் நடந்த சண்டை என்று அன்றன்றைக்கு நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்தார். இத்தனை காலம் கழித்தும் சரித்திரம் படிப்பவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். தேதி இல்லாமல் 'வியாபாரம் பரவாயில்லை' என்று எழுதியிருந்தால் ஒருவரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

தோட்டத்துப் பதிவுக்கும் அதேதான். ஒவ்வொரு பதிவிலும் தேதி, ஊர், ரகம், பயிரின் வயது, மண், பாசனம் இருக்க வேண்டும். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களையே எடுத்துக்கொள்ளலாம். 'தக்காளி காய்கிறது, என்ன செய்வது?' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ரகமும் நட்ட தேதியும் எழுதி, 'அடி இலை முதலில் மஞ்சளானது, வேரைப் பிடுங்கினால் முடிச்சு இருக்கிறது' என்றும் சொன்னால் பாதி பதில் கேள்வியிலேயே வந்துவிடும். அப்படிப்பட்ட பதிவு, பார்ப்பவருக்கும் பாதி பதில்.

பூச்சியையோ நோயையோ படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்தால் அளவு தெரியும். இலையின் அடிப்பக்கம், தண்டின் வெட்டு, வேர் மூன்றையும் காட்டுவது நல்லது. 2018 மே மாதம் மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில். அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்துவிட்டது. இந்த மாதிரி எல்லை தாண்டி வரும் பூச்சிக்கு, எல்லையோரத்து விவசாயி தேதியோடு போடும் ஒரு படம் உள்ளே இருக்கும் மாவட்டங்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஆகும்.

கணக்கைக் காட்டத்தான் பலருக்கும் தயக்கம். நாற்று, குச்சி, கயிறு, கூலி, மருந்து, வண்டி வாடகை, கமிஷன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, 25 கிலோ கிரேடு எத்தனை விற்றது, கையில் எவ்வளவு நின்றது என்று சொல்கிற வீடியோக்கள் மிகக் குறைவு. 'ஏக்கருக்கு 5 லட்சம்' என்று தலைப்புப் போடுகிறவர்கள்தான் அதிகம். 2023 ஜூலையில் தக்காளியின் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. செப்டம்பரில் விலை படுத்துவிட்டது. ஜூலையில் லட்சக் கணக்கை மட்டும் பார்த்து நாற்று வாங்கியவர் செப்டம்பரில் அறுவடை செய்திருப்பார். நட்டத்தையும் சேர்த்துச் சொல்லும் சானல் அப்படி ஒருவரைக் காப்பாற்றும். அந்த நம்பிக்கை வந்துவிட்டால், பார்க்கிறவர் வேறு சானலுக்குப் போக மாட்டார்.

வாரம் ஒன்று போதும்

தினம் ஒன்று போட வேண்டும் என்று ஆரம்பித்தால் களை எடுப்பது நின்றுவிடும். வாரத்துக்கு ஒன்று, அதே கிழமையில், அதே நேரத்தில் வந்தால் போதும். தனித்தனித் துணுக்குகளைவிட ஒரே பயிரை விதைப்பிலிருந்து கணக்கு வரை தொடராகப் போடுவது நன்றாகப் பிடிக்கும். 'போன வாரம் பார்த்த செடி இந்த வாரம் என்ன ஆச்சு' என்று கேட்டுத் திரும்பி வருவார்கள்.

இதற்கு நடுவே உள்ளூருக்கு உடனே பயன்படுகிற ஒன்று உண்டு. ராயக்கோட்டை மண்டியில் அன்றைக்குக் கிரேடு என்ன விலைக்குப் போனது, கோலார் சந்தையில் என்ன நிலவரம் என்று அரை நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. விலையைத் தானே விசாரித்திருக்க வேண்டும், கேள்விப்பட்டதைப் போடக் கூடாது. காலையில் பறிக்கலாமா, ஒரு நாள் பொறுக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு அது உதவும். அவரே அடுத்தவருக்கு அனுப்பியும் விடுவார்.

தலைப்பில் அலங்காரம் வேண்டாம். 'அதிர்ச்சி!', 'இது தெரியாமல் போச்சே!' என்று போட்டால் ஒருமுறை திறப்பார்கள், ஏமாந்தால் மறுமுறை வர மாட்டார்கள். மனிதர்கள் தேடும்போது என்ன தட்டுவார்களோ அதுதான் தலைப்பு: 'தக்காளி இலை சுருட்டல், 35-ஆம் நாள், ஓசூர்'. இந்தப் பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. ஆனேக்கல், மாலூர் பக்கத்து விவசாயிக்கும் இதே பயிர், இதே பிரச்சினைதான். தமிழில் பேசினாலும் விவரக் குறிப்பில் பயிர் பெயரையும் நோய்ப் பெயரையும் கன்னடத்திலும் ஒரு வரி எழுதினால் அங்கிருந்தும் பார்வையாளர்கள் வருவார்கள்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் உடனே மூடிவிடுவார்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டைக் காலரில் ஒரு சாதாரண மைக்கைக் குத்திக்கொண்டால் போதும். மோட்டார் ஓடும்போது பேசக் கூடாது. போனைப் படுக்கை வசமாகப் பிடித்து, வெயில் ஏறுமுன் எடுக்கலாம். 'வணக்கம் நண்பர்களே, சானலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க' என்று ஒரு நிமிடம் ஓட்டாமல் நோய் வந்த செடியைக் காட்டி நேராக ஆரம்பித்தால் பார்ப்பவர் நிற்பார்.

கேட்டால் பதில், மருந்துக்கு மட்டும் கவனம்

கீழே வரும் கேள்விகளுக்கு ஒரு நாளைக்குள் பதில் சொல்கிற சானல்தான் வளர்கிறது. அதே கேள்வியை மூன்று பேர் கேட்டால் அது அடுத்த வார வீடியோ. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் மரியாதை குறையாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கேட்க இடம் இருக்கிறது: எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் நிலையம், பையூரில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், கொய்மலருக்குத் தளி மகத்துவ மையம். 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

மருந்து விஷயம் வேறு. 'அண்ணா, இதுக்கு என்ன அடிக்கிறது?' என்று கேட்டால், தன் வயலில் அடித்ததை அப்படியே அளவோடு எழுதிவிடத் தோன்றும். அவருடைய பயிர் வேறாக இருக்கலாம், நோயே வேறாக இருக்கலாம், அறுவடைக்கு மூன்று நாள்தான் இருக்கலாம். மோனோகுரோட்டோபாஸ் போலக் காய்கறிகளில் அடிக்கத் தடை செய்யப்பட்ட மருந்துகளும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த வீடியோ இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும், அதில் சொன்ன மருந்து இடையில் தடைக்கு வந்திருக்கலாம். அறிகுறியைக் காட்டலாம், என்ன நடந்தது என்று சொல்லலாம். அளவைச் சொல்வதை வேளாண் அலுவலருக்கும் பாட்டில் லேபிளுக்கும் விட்டுவிடுவதே சரி. தப்பாகச் சொல்லிவிட்டது பின்னால் தெரிந்தால் அதை முதல் கருத்தாகப் பின் செய்து வைக்க வேண்டும். சத்தமில்லாமல் அழித்தால், ஏற்கெனவே பார்த்தவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஏதாவது உரம், விதை நிறுவனம் பணமோ இலவசப் பொருளோ கொடுத்துப் பேசச் சொன்னால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பக்கத்துக் காட்டுக்காரர் அந்த மருந்தை வாங்கி ஏமாந்தால் தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

யானை வரும் மாதங்கள்

சானமாவில் எந்தச் சானலுக்கும் பார்வை அள்ளித் தரக்கூடியது யானைதான். பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ராகி முற்றும் பருவத்தில் கூட்டம் வரும். சானமாவு காட்டில் தங்கி, ராத்திரியில் வயலில் இறங்கும். 'இப்போது யானை இங்கே நிற்கிறது' என்று நேரலை போட்டால் ஓசூரிலிருந்து பைக்கில் கூட்டம் வந்துவிடும். மிரண்ட யானை காட்டுக்குத் திரும்பாமல் சாலைப் பக்கமோ ஊர்ப் பக்கமோ ஓடும். அந்த வழியில் விடியற்காலை கொத்தமல்லி பறிக்கப் போகும் பெண்கள் இருப்பார்கள்.

வால்பாறையில் இதே தகவலை வேறு மாதிரிப் பயன்படுத்தினார்கள். யானை எந்த எஸ்டேட் பக்கம் இருக்கிறது என்பதை உள்ளூர் கேபிள் டிவியிலும் குறுஞ்செய்தியிலும் அந்தப் பகுதித் தொழிலாளர்களுக்கு மட்டும் தெரிவித்து, போனில் இயக்கும் சிவப்பு விளக்குகளையும் வைத்தது நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன். உயிரிழப்பு குறைந்தது. சானமாவு, ராமாபுரம், போடூர், ஆழியாளம் ஊர்க்காரர்களும் வனத்துறையினரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இடத்தையும் நேரத்தையும் சொல்வது அந்த வகை. பொதுவில் போடுவதென்றால் யானை போன பிறகு, மிதிபட்ட ராகியையும் இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கும் விவரத்தையும் போடலாம். அது அடுத்த ஊர்க்காரருக்கும் உதவும்.

வருமானம்

யூடியூப் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டினாலும் சிறிய சானலுக்கு வருவது போன் ரீசார்ஜ் காசாக இருக்கலாம். சானமாவு விவசாயிக்கு உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓசூர் அடுக்குமாடிகளிலும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கும் குடும்பங்களுக்குத் தாங்கள் சாப்பிடும் அவரைக்காய் எங்கே விளைகிறது என்று தெரியாது. ஒரு பருவம் முழுக்க வயலைப் பார்த்தவர், 'ராகி அரைத்துத் தருவீர்களா?' என்று தானாகக் கேட்பார். அப்போது எடை சரியாக இருக்க வேண்டும், சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும். மருந்து அடித்த பயிரை இயற்கை என்று விற்றால் ஒரே ஒரு வாடிக்கையாளரின் கருத்து சானலையே சாய்த்துவிடும். முதலில் பத்துக் குடும்பம் போதும்.

கடைசியாக ஒரு வேலை. கணக்கின் கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வீட்டில் வைத்து, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிட வேண்டும். 'உங்கள் சானல் முடக்கப்படும், இந்த லிங்கைத் தொடவும்' என்று வருவதைத் தொடக் கூடாது, ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. தேதி, செலவு, விலை எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டிலும் எழுதி வருவது நல்லது. போன் கிணற்றில் விழுந்தாலும் அடுத்த போகத்துக்கு அந்தக் கணக்கு வேண்டும்.