பூனையின் திடீர் நொண்டல்: வீட்டில் செய்யத்தக்கவையும் தகாதவையும்

தானியம் சேமிக்கும் வீடுகளிலும் கடைகளிலும் எலிகளை அடக்கும் பொருட்டுப் பூனை வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. நகரங்களில் அது செல்லப் பிராணியாகவும் வளர்க்கப்படுகிறது. முதல் நாள் மாலையில் மதில்மேல் தாவித் திரிந்த பூனை, மறுநாள் காலையில் ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் வந்து நிற்பது, பூனை வளர்ப்போர் பலரும் ஒரு முறையேனும் காணும் நிகழ்ச்சியாகும். அப்போது வீட்டார் அருகிலுள்ள களப்பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ யோசனை கேட்பதுண்டு. கால்நடை மருத்துவமனை தொலைவிலுள்ள ஊர்களில், அவர்கள் கூறும் முதல் யோசனையே பிராணியின் உயிரைக் காக்கவோ போக்கவோ கூடும்.

இத்தகைய நொண்டல்களில் பல, ஓய்வினாலும் எளிய சிகிச்சையினாலும் குணமடைபவை. சில மட்டும் ஒரு மணி நேரத் தாமதத்தையும் பொறுக்காதவை. ஆயினும், சாதாரண நொண்டலையும் உயிருக்கு ஆபத்தாக மாற்றவல்ல பொருள் ஒன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உள்ளது. அது மனிதர் உட்கொள்ளும் வலி மாத்திரையே.

நொண்டலின் இயல்பு

நொண்டல் தனியொரு நோயன்று. அது ஓர் அறிகுறி. ஒரு காலில் வலி உண்டானாலோ, அக்காலை இயக்கும் நரம்போ இரத்த ஓட்டமோ தடைப்பட்டாலோ பூனை நொண்டும். முதல் வகையில் அது காலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். இரண்டாம் வகையில் கால் துவண்டு தரையில் இழுபடும். காலைத் தூக்குகிறதா, இழுக்கிறதா என்பதே முதலில் கவனிக்க வேண்டிய வேறுபாடு.

பூனை தன் பாதம் முழுவதையும் ஊன்றாமல் விரல்களாலேயே நடக்கும் பிராணி. பொதுவாக முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்தும், பின்கால் ஒவ்வொன்றிலும் நான்குமாக அதற்குப் பதினெட்டு விரல்கள் உண்டு. உடலின் பாரம் முழுவதும் விரல்களின் அடியிலுள்ள மெத்தைகளின் மீது விழுவதால், அங்கே தைத்த ஒரு சிறு முள்ளும் நடையை மாற்றிவிடும். முன்காலில் வலியிருப்பின், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். இதனைக் கொண்டு எந்தக் கால் என்று ஐயமின்றி அறியலாம்.

பூனை வலியை வெளிக்காட்டாத இயல்புடையது. கத்தவில்லை என்பதனால் வலியில்லை என்று முடிவு செய்தல் கூடாது. மறைவிடத்தில் பதுங்குதல், உணவை மறுத்தல், மேலே தாவாதிருத்தல், தொட்டால் சீறுதல் ஆகியவை வலியின் அடையாளங்களே.

அடிக்கடி காணப்படும் காரணங்கள்

வெளியே திரியும் பூனைகளில் முதலில் ஐயுற வேண்டியது மற்றொரு பூனையின் கடி. பூனையின் கோரைப்பல் ஊசிபோல் மெல்லியது. அது தோலைத் துளைத்து ஆழத்தில் கிருமிகளைச் செலுத்திவிடுகிறது. மேலேயுள்ள சிறு துளையோ விரைவில் மூடிக்கொள்கிறது. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் உள்ளே சீழ் கட்டி, அவ்விடம் வீங்கிச் சூடேறும், காய்ச்சலும் காணும். உரோமம் மறைத்துக்கொள்வதால் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘அடி எதுவும் படவில்லை, ஆனால் நொண்டுகிறது’ என்று கூறப்படுபவற்றுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. கட்டியைத் திறந்து சீழை வெளியேற்றுவதும், தக்க மருந்து கொடுப்பதும் மருத்துவர் செய்ய வேண்டியவை.

அடுத்தது நகம். முதிய பூனைகள் மரத்தில் நகத்தைத் தீட்டுவது குறைவதால், நகம் வளைந்து வளர்ந்து மெத்தையினுள்ளேயே புகுந்துவிடுவதுண்டு. இளம் பூனைகளின் நகம் துணியிலோ கம்பி வலையிலோ சிக்கி வேரோடு பிய்ந்துவிடலாம். முள், கண்ணாடித்துண்டு, சூடான தகரத்தின்மேல் நடந்ததால் உண்டாகும் தீப்புண் ஆகியவையும் பாதத்தைத் தாக்கும். ரப்பர் வளையம், தையல் நூல், பட்டம் விடும் மாஞ்சா நூல் ஆகியவை காலைச் சுற்றி இறுகி, உரோமத்தினுள் மறைந்து, சதையை அறுத்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது, உயரத்திலிருந்து விழுதல். பூனை எப்போதும் காலூன்றியே விழும், ஆதலால் அதற்கு அடிபடாது என்ற நம்பிக்கை பரவியுள்ளது. முதற் பகுதி பெரும்பாலும் உண்மை. பூனை அந்தரத்தில் உடலை முறுக்கித் திரும்புவதை 1894-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மரே தொடர் நிழற்படங்களில் பதிவு செய்தார். இரண்டாம் பகுதி உண்மையன்று. நியூயார்க் நகரில் உயர்ந்த கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சிகிச்சை பெற்றவற்றுள் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால், கால் எலும்பு முறிவைக் காட்டிலும் மார்பினுள் ஏற்பட்ட காயங்களே அவற்றில் மிகுதியாகக் காணப்பட்டன. எனவே, மாடியிலிருந்து விழுந்து நொண்டும் பூனையின் காலை மட்டும் பார்த்தல் போதாது. அது மூச்சுவிடும் முறையையும் பார்த்தல் வேண்டும்.

குட்டிகளில் வேறு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, காலிசி என்னும் வைரஸ். அது காய்ச்சலையும், சிலவற்றில் வாய்ப்புண்ணையும், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் நொண்டலையும் உண்டாக்கும். இந்த நொண்டல் பெரும்பாலும் சில நாட்களில் தானே மறையும். மற்றொன்று உணவுக் குறை. எலும்பு நீக்கிய இறைச்சியில் ஒரு பங்கு கால்சியத்துக்கு ஏறத்தாழ இருபது பங்கு பாஸ்பரஸ் உள்ளது. வளரும் குட்டிக்கோ இவ்விரண்டும் ஏறக்குறைய சம அளவில் தேவை. வெறும் இறைச்சியை மட்டுமே கொடுத்து வளர்த்தால், உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது நாற்காலியிலிருந்து குதிப்பதே காலை முறிக்கப் போதுமானதாகிவிடும்.

வீட்டில் பார்க்கும் முறை

முதலில் பூனையைத் தொடாமல், கதவடைத்த அறையில் தரையில் விட்டு, அதன் நடையைக் கவனிக்க வேண்டும். எந்தக் கால், காலைச் சிறிதேனும் ஊன்றுகிறதா, கால் இயற்கைக்கு மாறான கோணத்தில் தொங்குகிறதா, மூச்சு எவ்வாறுள்ளது ஆகியவை இதில் விளங்கும். ஓய்வாகப் படுத்திருக்கும் பூனை நிமிடத்துக்கு 20 முதல் 30 முறை மூச்சுவிடும். வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குதல் பூனைக்கு இயல்பன்று.

பின்னர், உடலைத் தடித்த துண்டினால் சுற்றி, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றொருவர் பார்க்கலாம். முதலில் நல்ல காலைத் தொட்டு அதன் சூட்டையும் பருமனையும் அறிந்துகொண்டு, பிறகு நொண்டும் காலுக்கு வருதல் நலம். விரல் இடுக்கு, மெத்தை, நகம் எனக் கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே செல்ல வேண்டும். வீக்கம், சூடு, ஈரமான உரோமம், துளை, துர்நாற்றம் ஆகியவற்றைத் தேட வேண்டும். காலை இழுத்தோ முறுக்கியோ சோதித்தல் கூடாது. பூனை கடிக்க முற்பட்டால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். சில நிமிடங்களுக்கு மேல் இச்சோதனையை நீட்டிப்பதில் பயனில்லை.

தாமதம் கூடாத குறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று காணினும், வீட்டுச் சிகிச்சையை எண்ணாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

1. பின்னங்கால் ஒன்றோ இரண்டுமோ திடீரெனச் செயலற்று, தொட்டால் குளிர்ந்து, மெத்தை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருத்தல். பூனை வேதனையால் உரக்கக் கத்துதல். இதயத் தசை தடித்த பூனைகளில், இதயத்தினுள் உறைந்த இரத்தக் கட்டி பெருந்தமனி பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் வந்து அடைத்துக்கொள்வதால் இது நேர்கிறது. இதனை வாதமென்றும் சுளுக்கென்றும் எண்ணிக் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பது, கிடைத்தற்கரிய நேரத்தை வீணாக்குவதாகும்.

2. எலும்பு வெளியே தெரிதல், கால் தொங்குதல், இரத்தம் நில்லாமை.

3. உயரத்திலிருந்து விழுந்தபின் அல்லது வண்டியில் அடிபட்டபின் மூச்சுத் திணறல், ஈறு வெளுத்தல், சிறுநீர் கழியாமை.

4. பாம்புக்கடி என்ற ஐயம். விரைவாகப் பரவும் வீக்கம்.

5. நொண்டலுடன் சோர்வும் காய்ச்சலும் சேர்ந்து, ஒரு நாள் முழுதும் உணவு கொள்ளாமை. பூனையின் உடல் வெப்பம் இயல்பாகவே ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்குமாதலால், கையால் தொட்டுக் காய்ச்சலைத் தீர்மானிக்க இயலாது.

முறிந்த கால் என்று தோன்றினால், வீட்டிலேயே மூங்கில் பத்தை வைத்துக் கட்டுதல் வேண்டாம். சரியாகக் கட்டப்படாத பத்தை முறிவை மேலும் பெயர்த்துவிடும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து, அதில் பூனையைக் கிடத்திக் கொண்டுசெல்வதே சிறந்தது.

வலி மாத்திரை என்னும் நஞ்சு

வீட்டார் அன்பினால் செய்யும் பெருந்தவறு, காய்ச்சலுக்கும் வலிக்கும் தாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பது. மனிதரின் கல்லீரல் இம்மருந்தின் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அவ்வேலைக்குரிய நொதிகளுள் இன்றியமையாத ஒன்றை உண்டாக்கும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துள்ளது. ஆகவே மருந்து உடலிலேயே தங்கி நச்சுப் பொருளாக மாறி, இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. தாக்குண்ட இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு விரையும்.

கணக்கும் கருதத்தக்கது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 60 கிலோகிராம் எடையுள்ள மனிதருக்குக் கிலோகிராமுக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆகும். 4 கிலோகிராம் எடையுள்ள பூனைக்கோ அது 125 மில்லிகிராம் ஆகிறது. கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நச்சுக்குறிகள் தோன்றியதுண்டு. எனவே ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. கால் மாத்திரை, அரை மாத்திரை என்று குறைத்துக் கொடுப்பதும் காப்பாகாது. அறியாமல் கொடுத்துவிட்டால், கொடுத்த அளவையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, குறிகள் தோன்றும் வரை காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும். அசெட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. அது விரைவில் கொடுக்கப்பட்டால்தான் நன்கு பயன்படும்.

மனித உடலில் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் ஆஸ்பிரின், பூனையின் உடலில் அவ்வாறு குறைய ஒன்றரை நாள் வரை ஆகலாம். ஐபுபுரூபென், டைக்குளோபினாக் ஆகியவை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். காலில் தடவும் வலிக் களிம்பும் அவ்வாறே. பூனை தன் உடலை நக்கும் பிராணியாதலால், மேலே பூசுவது எதுவாயினும் வயிற்றுக்குள் செல்லும். ஓர் உயிரினத்துக்கு நன்மை செய்யும் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு. டைக்குளோபினாக் செலுத்தப்பட்டு இறந்த மாடுகளை உண்டு பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்தமையால், 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது.

பீனால் கலந்த கிருமிநாசினி, மண்ணெண்ணெய், மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்த பற்று ஆகியவற்றையும் பூனையின் காயத்தில் இடுதல் ஆகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

ஆபத்துக் குறிகள் எவையுமின்றி, உணவு உண்டு, காலைச் சிறிது ஊன்றும் பூனைக்கு ஓய்வே முதல் மருந்து. உயரமான பொருள்கள் இல்லாத சிறு அறையில், உணவு, தண்ணீர், மணல் தட்டு ஆகியவற்றை அருகில் வைத்து அடைத்து வைக்க வேண்டும். மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருத்தல் நலம். மேற்பரப்பில் தெரியும் முள்ளை இடுக்கியால் எடுக்கலாம். ஆழத்தில் புதைந்ததைக் கிளறலாகாது. இறுகிய நூல் வெளியே தளர்வாகத் தெரிந்தால் மட்டும் வெட்டலாம். சிறு காயத்தை, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்நீரால் கழுவலாம்.

ஒரு நாள் ஓய்வில் நொண்டல் குறைந்து வருமாயின் மேலும் சில நாட்கள் ஓய்வு தொடரலாம். குறையாமல் அப்படியே இருப்பினும், மிகுந்தாலும், வீக்கம் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து தனியொரு நோய் உண்டாகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மனிதர் காத்துக்கொள்ள வேண்டியவை

வலியுற்ற பூனை தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். கடியோ கீறலோ நேர்ந்தால், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். வெறிநோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் பரவும். நடை தடுமாற்றத்துடன் குரல் மாறுதல், காரணமின்றிச் சீறிப் பாய்தல், உமிழ்நீர் வடிதல் ஆகியவை காணப்படும் பூனையை நொண்டும் பூனையாகக் கருதிக் கையாளுதல் கூடாது. கடித்த பூனையைப் பத்து நாட்கள் கவனிப்பது வழக்கமாயினும், அதுவரை தடுப்பூசியைத் தள்ளிவைத்தல் தகாது. தோலினுள் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. பூனைக்கும் மூன்று மாத வயது முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வருதல் வேண்டும்.

ஆசிரியர் வகுப்பிலும் களப்பணியாளர் ஊர்க் கூட்டங்களிலும் இவற்றுள் மூன்றையேனும் எடுத்துரைக்கலாம்: நொண்டும் பூனையை அடைத்து வைத்து ஓய்வு கொடுத்தல், குளிர்ந்து செயலற்ற காலைக் கண்டால் உடனே மருத்துவரிடம் விரைதல், மனிதரின் மாத்திரை எதையும் கொடாதிருத்தல். இவற்றுக்குப் பணச் செலவு ஏதுமில்லை. குழந்தைகள் வீட்டில் சென்று சொல்லும் அளவுக்கு எளியவை இவை. மாத்திரையைப் பொடிக்கப் போகும் கையை நிறுத்த அந்த ஒரு சொல்லே போதும்.