கொழும்பில் மழை பெய்யும் நாளில்...

நாங்கள் கொழும்புக்கு ஊர் பார்க்க வருவதில்லை. கடவுச்சீட்டு எடுக்க வருகிறோம். மகரகம வைத்தியசாலைக்கு வருகிறோம். தூதரகத்துக்கு வருகிறோம். காணாமற்போன பிள்ளையின் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்க வருகிறோம். வந்த காரியம் முடிந்ததோ இல்லையோ, இரவு பஸ் ஏறித் திரும்பிவிடுகிறோம்.

ஆனால் எல்லாக் காரியமும் ஒரு நாளில் முடிவதில்லை. "நாளைக்கு வாங்கோ" என்பார்கள். "டொக்டர் வியாழக்கிழமைதான் வருவார்" என்பார்கள். இடையில் ஒரு முழுநாள் கையில் நிற்கும். அந்த நாளில் மழையும் பிடித்துக்கொண்டால், தங்கியிருக்கும் அறையின் கட்டிலில் இருந்து யன்னலைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைக்கிறோம்.

என் சின்னம்மாவின் சிகிச்சைக்காக மூன்று வருடமாகக் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு வந்து போகிறேன். இப்படியான மழை நாட்கள் எனக்குப் பல கிடைத்தன. அவற்றை எப்படிக் கழித்தேன் என்பதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மழையும் நாங்களும்

எங்களுக்கு மழை என்றாலே மனதுக்குள் ஒரு பதற்றம். 2009இல் செட்டிகுளத்தில் மனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் மழையைக் கண்டவர்கள் நாங்கள். வெள்ளம் கூடாரத்துக்குள் வர, பிள்ளையை மடியிலும் பத்திரங்களைத் தலைமாட்டிலும் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தோம். இன்றைக்கும் மழை இருட்டினால் கூரையைத்தான் முதலில் பார்க்கிறோம்.

கொழும்பு மழை எங்கள் ஊர் மழையைப் போன்றதல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத்தில் பெய்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை இங்கே பெய்கிறது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் மழைக்காலம். கொழும்பிலோ மே மாதமும் ஒக்ரோபர் மாதமும் மிகக் கடுமையானவை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பெரும்பாலும் காலை வெளித்திருக்கும். பிற்பகலில்தான் இடியோடு கொட்டும். ஆகவே அந்த மாதங்களில் அலுவலக வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, பிற்பகலுக்கு ஒரு கூரையுள்ள இடத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

"எங்களை உள்ள விடுவினமோ?"

போன வருடம் நான் தங்கியிருந்த வீட்டில் முல்லைத்தீவைச் சேர்ந்த ஒரு தங்கச்சியும் அவளுடைய பதின்மூன்று வயது மகளும் இருந்தார்கள். அவர்களுடைய கிளினிக் இரண்டு நாள் தள்ளிப் போய்விட்டது. வெளியே மழை. "வாங்கோ, நூதனசாலைக்குப் போவம்" என்றேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "எங்களை உள்ள விடுவினமோ அக்கா?"

அந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. யுத்த காலத்தில் கொழும்பில் தங்குவதென்றால் பொலிஸ் பதிவு வேண்டும். வீதிக்கு வீதி சோதனை. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. அதை அனுபவித்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் இன்றும் பெரிய கட்டிடத்தின் வாசலில் கால் கூசி நிற்கிறார்கள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நூதனசாலையும் நூலகமும் பொதுமக்களின் சொத்து. நாங்கள் கடையில் வாங்கும் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் வரி கட்டுகிறோம். அந்தக் கூரையில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

நூதனசாலையில் ஒரு கல்

கொழும்பு தேசிய நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் 138 இலக்க பஸ்ஸில் ஏறினால் அதன் அருகில் இறங்கலாம். மகரகமவுக்குப் போவதும் இதே 138தான். எனவே வைத்தியசாலைக்கு வருகிறவர்களுக்கு இது வழியிலேயே உள்ள இடம்.

வாசலில் பையை வாங்கி வைத்துவிட்டு ஓர் இலக்கத் துண்டைத் தந்தார்கள். அந்தத் தங்கச்சி பையைக் கொடுக்கத் தயங்கினாள். எல்லோரும் கொடுக்கிறார்கள், வெள்ளைக்காரரும் கொடுக்கிறார்கள் என்று கண்ட பிறகுதான் கொடுத்தாள்.

உள்ளே நாங்கள் முதலில் தேடிப் போனது காலி மும்மொழிக் கல்வெட்டை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த இந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டு இடப்பட்டிருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. 1911இல் இது காலி நகரில் கண்டெடுக்கப்பட்டபோது எப்படிக் கிடந்தது தெரியுமா? மழைநீர் ஓடும் மதகொன்றுக்கு மூடுகல்லாக. இத்தனை பெருமையுள்ள கல்லின்மேல் ஊர் முழுக்க நடந்து போயிருக்கிறது.

அந்தப் பிள்ளை தேய்ந்துபோன தமிழ் எழுத்துக்களைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தாள். ஓர் எழுத்துப் பிடிபட்டதும், "அம்மா, இஞ்ச பாருங்கோ" என்று தாயைக் கூப்பிட்டாள். சீன நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தத் தீவில் பேச வேண்டுமானால் தமிழிலும் பேச வேண்டும் என்று 600 வருடங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகளும் அங்கே உண்டு. நடராசரும் பார்வதியும் சுந்தரமூர்த்தி நாயனாரும் கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று அந்தத் தங்கச்சி கைகூப்பினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிம்மாசனத்தையும் முடியையும் பாருங்கள். 1815இல் ஆங்கிலேயர் எடுத்துச் சென்றவை 1934இல்தான் திரும்பி வந்தன. அரசன் திரும்பி வரவில்லை. அரசியரோடும் உறவினரோடும் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். ஊரையும் வீட்டையும் விட்டுக் கப்பலேறிய அந்த அரசியரை நினைத்தால், இடம்பெயர்வு எங்களுக்கு மட்டும் வந்ததல்ல என்று தெரியும்.

புத்தகம் இருக்கும் வீடுகள்

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000இற்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அதன் வலியை அறிந்த எங்களுக்கு நூலகம் என்ற சொல்லின் மதிப்புத் தெரியும். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. இதற்கும் 138 பஸ்ஸே போகும். வாயிலில் விசாரித்து உள்ளே போங்கள். பத்திரிகை, சஞ்சிகை படிப்பதற்கே ஒரு பிற்பகல் போதாது.

வெள்ளவத்தைப் பக்கம் தங்குபவர்களுக்கு 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் மிக அருகில். காலி வீதியில் இறங்கி 57ஆம் ஒழுங்கையைக் கேட்டால் காட்டுவார்கள். அங்கே தமிழ் நூல்கள் நிறைந்த நூலகம் உண்டு. நூல் வெளியீடு, கூட்டம் என்று மண்டபத்தில் நிகழ்ச்சிகள் நடப்பதும் உண்டு. உங்கள் மொழியிலேயே எதையும் கேட்கலாம் என்பது ஒரு பெரிய ஆறுதல்.

கோட்டையில் ஒரு நினைவு

கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், சதாம் வீதியில், பெரிய தூண்களோடு ஒரு பழைய கட்டிடம் நிற்கிறது. 1914ஆம் ஆண்டுக் கட்டிடம். இப்போது அதில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. பண்டமாற்றுக் காலம் முதல் இன்றைய தாள் காசு வரை அங்கே காணலாம். யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட, நந்தியும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்த நாணயங்களைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். வார நாட்களில் போவது நல்லது.

இந்தக் கட்டிடம் 1996 சனவரி 31இல் மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் சேதமடைந்தது. அன்று 90 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்று காலை வேலைக்கென்று வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கும் வாசலைப் பார்த்தபடி ஒரு தாய் இருந்திருப்பாள். அங்கே நின்றபோது என் துக்கமும் அந்தத் தாயின் துக்கமும் வேறுவேறல்ல என்று எனக்குப் பட்டது. எங்கள் இழப்பை மற்றவர்கள் அறிய வேண்டும் என்று கேட்கிறோம். மற்றவர்களின் இழப்பை நாங்களும் அறிந்திருப்பது நல்லது.

கைவேலை செய்பவர்களுக்கு

பனையோலை வேலை, தையல், நெசவு செய்யும் சகோதரிகள் ஒரு மழை நாளைக் கைப்பணிக் கடைகளில் கழித்தால் அது ஒரு பயிற்சி வகுப்புக்குச் சமம். அரசாங்கத்தின் 'லக்சல' நிலையங்களும், பார்பரா சன்சோனி தொடங்கிய 'பெயார்புட்' போன்ற கைத்தறிக் கடைகளும் கொழும்பில் உள்ளன. பார்ப்பதற்குக் காசு இல்லை. ஓலைப் பெட்டியின் மூடி எப்படிப் பொருந்துகிறது, விளிம்பு எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது, எந்த இரண்டு நிறங்களைச் சேர்த்திருக்கிறார்கள், விலைத்துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஊரில் என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள், இங்கே அதேபோன்ற பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாங்க வருபவரோடு பேரம் பேசும்போது அந்தக் குறிப்பு உங்களுக்காகப் பேசும்.

மனம் கனத்த நாளில்

எதையும் பார்க்க மனமில்லாத நாளும் வரும். அப்படியான நாளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த கோயில். வெளியே மழை கொட்டினாலும் உள்ளே கல்லின் அமைதி. அதே கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலமும் இருக்கிறது. எந்த மதத்தவரும் மெழுகுதிரி ஏற்றும் இடம் அது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த தேவாலயங்களில் இதுவும் ஒன்று. அதே வருடமே திருத்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. மன்றாட வருபவர்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சில சின்னக் குறிப்புகள்

மூலப் பத்திரங்களைத் தடித்த பொலித்தீன் உறையில் இட்டு, தங்குமிடத்தில் பூட்டி வையுங்கள். கையில் அடையாள அட்டையும் போட்டோப் பிரதிகளும் போதும்.

போயா தினங்களிலும் அரச விடுமுறைகளிலும் பல இடங்கள் மூடியிருக்கும். போகமுன் தொலைபேசியில் விசாரியுங்கள்.

2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள். மேகம் மூடிய நாளில் மேலே ஏறிக் காசைச் செலவழிக்காதீர்கள். வெளித்த நாளில் போங்கள்.

மலசலகூடம் இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் திரியாதீர்கள். பெரிய கடைத்தொகுதிகளுக்குள் எவரும் போகலாம். எதையும் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை.

ஊர் என்ன சொல்லும்?

"புருசன் இல்லாதவள் கொழும்பில ஊர் சுற்றுறாள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னையும் சொன்னார்கள். துக்கம் உள்ளவள் அறைக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நூதனசாலையைப் பார்த்ததால் என் கணவரை நான் மறந்துவிடவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இப்போது அந்த வேலையும் என்னுடையது.

இன்னுமொன்றையும் கவனித்திருக்கிறேன். நாள் முழுக்க அறைக்குள் அழுதுகொண்டிருந்துவிட்டு மறுநாள் அலுவலக யன்னலுக்கு முன்னால் நிற்பவளின் குரல் எழும்பாது. முதல் நாள் நகரத்தில் நாலு இடத்துக்குப் போய், நாலு பேரிடம் வழி கேட்டு, தன் பாட்டில் பஸ் ஏறித் திரும்பியவள் நிமிர்ந்து நிற்பாள். தமிழில் படிவம் தாருங்கள் என்று கேட்பாள். அந்த முல்லைத்தீவுத் தங்கச்சி மறுநாள் கிளினிக்கில் அப்படித்தான் கேட்டாள். கொடுத்தார்கள்.

அடுத்த முறை கொழும்புக்கு வரும்போது குடையோடு இந்தப் பக்கத்தையும் வெட்டி எடுத்துவாருங்கள்.