தொலைவில் இருக்கும் மகளுக்கு வளைகாப்பு

காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு ஓடுகிறது. அக்கரையில் பேறுகால வேதனையில் மகள். இக்கரையில், பூம்புகாரிலிருந்து மருந்தும் பத்தியப் பொருள்களும் சுமந்து வந்து, ஆற்றைக் கடக்க வழியின்றித் தவிக்கும் தாய். அவ்வேளையில் அந்தத் தாயின் வடிவெடுத்துச் சென்று, இரத்தினாவதி என்னும் அப்பெண்ணுக்கு மகப்பேறு பார்த்தார் சிவபெருமான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர, இரு தாயரைக் கண்டு மகள் திகைக்க, இறைவன் மறைந்தருளினார். திருச்சி மலைக்கோட்டை ஈசனுக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வாய்த்த வரலாறு இது. இன்றும் சித்திரைப் பெருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற பெயரில் இந்நிகழ்ச்சி நடத்தப்பெறுகிறது. சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்வதும் இச்சந்நிதியின் வழக்கம்.

இந்நாளில் நம் குடும்பங்களில் ஆற்றுக்குப் பதில் கடல்கள் குறுக்கிடுகின்றன. திருச்சியில் வாழும் என் தமக்கைக்கும் அந்நிலை வந்தது. மகள் கனடாவின் கால்கரி நகரில். கணவருக்கோ வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவரை விட்டுப் பயணம் செய்ய இயலாது. "ஏழாம் மாதம் பிறக்கிறது, என் பெண்ணின் கையில் யார் வளையல் இடுவார்கள்?" என்று அவர் கலங்கியபோது எங்களிடம் விடையில்லை.

சீமந்தம் என்பது பதினாறு சம்ஸ்காரங்களுள் ஒன்று. அச்சொல்லுக்கு வகிடு என்பது பொருள். மந்திரம் ஓதி, கணவன் மனைவியின் கூந்தலை வகிர்ந்துவிடுவது அதன் முக்கிய அங்கம். வளைகாப்பு பெண்கள் கூடி நடத்தும் மங்கலம். ஆடிப்பூரத்தன்று பல ஆலயங்களில் அம்பிகைக்கே வளைகாப்பு நடைபெறுகிறது; அவ்வளையல்களைப் பிரசாதமாகப் பெற்று அணிகிறோம். கருவுற்றவளைச் சுற்றி அவளைத் தாங்கும் கைகள் பல இருக்கின்றன என்று அவளுக்கு உணர்த்துவதே இச்சடங்கின் உட்பொருள். அப்படியானால், அவள் வாழும் ஊரில் அக்கைகள் எவை என்று தேடுவதுதானே முதற்கடமை?

மகளிடம் கேட்டுப் பட்டியல் எழுதினோம். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, உடன் பணிபுரியும் பெண்கள் என ஒன்பது பேர் தேறினர். அவர்களுக்கு அச்சிட்ட அழைப்பிதழ் வேண்டாம், தானே எழுதுவேன் என்றார் தமக்கை. கெட்டித் தாளை மடித்து, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, முகப்பில் சிறு கோலம் வரைந்து, பிள்ளையார் சுழியுடன் தொடங்கினார். தமிழில் அவர் எழுத, கீழே ஆங்கிலத்தில் நான் எழுதினேன். நாளும் நேரமும் குறித்தபின் ஒவ்வொன்றிலும் அவர் சேர்த்த வரிகள் இவை: "பெற்றவளால் வர இயலவில்லை. அன்று நீங்கள் இடும் வளையல் நான் இட்டதே ஆகும். பேறுகாலத்தில் அவள் அழைத்தால், அருள்கூர்ந்து என் இடத்தில் நின்று துணைசெய்யுங்கள்." பத்தாவது அழைப்பிதழ் தாயுமானவர் திருவடியில் வைக்கப்பட்டது.

இத்தகைய ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பஞ்சாங்கம் அந்தந்த ஊரின் சூரியோதயத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. ஆகவே, நல்ல நேரத்தை மகள் அமரும் ஊருக்கே பார்த்தோம். தை மாத ஞாயிறு ஒன்றில் அங்கே காலை 10 மணி. இங்கே இரவு 10:30. கருவுற்ற காலத்தில் கை சற்று வீங்கும் என்பதால், 2-4 அளவு அணிபவளுக்கு 2-6 அளவில் கண்ணாடி வளையல் வாங்கினோம். டஜன் டஜனாகப் பருத்தித் துணியில் சுற்றி அனுப்பியதில் உடைந்தவை சிலவே. நெய், இலை, விதை போன்றவற்றை அனுப்புமுன் அந்நாட்டு விதிகளை அறிந்துகொள்வது நலம். முதலில் வேப்பிலைக் காப்பு இடுவது எங்கள் வழக்கம். வேம்பு கிடைக்காத ஊராதலால் மஞ்சள் கட்டிய நூலே காப்பாயிற்று. சித்திரான்னங்களைச் செய்யும் முறையைத் தமக்கை எழுதி அனுப்ப, யாழ்ப்பாணத்து மூதாட்டி புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் சமைத்தார்.

அன்றிரவு கைப்பேசித் திரையில் கண்டோம். மூதாட்டி முதற்காப்பை இட்டுச் சந்தனம் பூசினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் இட்டனர். பஞ்சாபி அம்மையார் அழைப்பிதழைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வளையல் இட்டபின் அதைத் திரையின் முன் உயர்த்திக் காட்டித் தலையசைத்தார். தமக்கை அதன்பின் பேசவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பங்குனியில் ஒருநாள், அங்கே நள்ளிரவு, பனி கொட்டிக்கொண்டிருந்த வேளையில் வலி கண்டது. மருமகனோ பணி நிமித்தம் வெளியூரில். மகள் தட்டியது அடுத்த வீட்டுக் கதவை. மருத்துவமனைக்குக் காரோட்டிச் சென்ற அந்த அம்மையார், குழந்தை பிறக்கும் வரை அவள் கையை விடவில்லை.

பெண் குழந்தை. செய்தி கேட்ட மறுநாள் தமக்கை வாழைத்தாருடன் மலையேறினார். மகள், பேத்தி பெயர்களுக்கு அர்ச்சனை சொன்னபின், இன்னொரு பெயரையும் சேர்க்கச் சொன்னார். அர்ச்சகர் கோத்திரமும் நட்சத்திரமும் கேட்டார். "அவையெல்லாம் தெரியாது சுவாமி. பெயர் மட்டும் சொல்லுங்கள், அவருக்குத் தெரியும்" என்று சந்நிதியைக் காட்டினார்.