ஆடு விற்ற பணம் வீணாகலாமா?
அய்யலூர் வியாழச் சந்தையில் ஆடு விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். உயிரியல் பயின்ற பிள்ளைக்கு மருத்துவ ஆய்வகப் படிப்பு நல்வழியே. ஆயினும் செலவையும் பயனையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

பட்டப்படிப்புக்குப் பயிற்சியுடன் நான்கு ஆண்டுகள், பட்டயப்படிப்புக்கு இரண்டு. அரசின் இரண்டாம் நிலை ஆய்வக நுட்புநர் பணிக்குப் பட்டயமே தகுதி. மேற்படிப்பை நாடுவோர்க்கே பட்டம் இன்றியமையாதது.

கடன் வாங்குமுன் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்போம். அங்கே கட்டணம் குறைவு. தனியார் கல்லூரியில் பட்டம் பயில்வதாயின், அது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்றதொரு பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்றதா என்று விசாரிப்போம். இத்துறையில் தகுதி பெற்றோர்க்குத் தனிப் பதிவேடு வேண்டுமென 2021ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அங்கீகாரமற்ற சான்றிதழுக்கு அதில் இடமில்லை. ஆகவே, கட்டணம் கேட்குமுன் அங்கீகாரம் கேட்போம்.