டிராபிக் டிக்கெட்டை மறைத்தால் ஆபத்து! அமெரிக்கக் குடியுரிமை பேட்டியில் உஷார்

அபராதம் கட்டியாச்சு. ரசீதும் தொலைஞ்சு போச்சு. விஷயம் அத்தோடு முடிந்ததா? இல்லை! அமெரிக்காவில் குடியுரிமை கேட்டு மனு போடும்போது பழைய டிராபிக் டிக்கெட் மறுபடி எழுந்து நிற்கும்.

டிக்கெட் என்றால் பஸ் டிக்கெட் அல்ல. வேகமாக ஓட்டினால், சிவப்பு விளக்கைத் தாண்டினால் போலீஸ்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. பால் வாங்கக்கூட காரில் போகும் ஊர் அது. பத்து வருடம் ஓட்டியவரிடம் ஒன்றிரண்டு டிக்கெட் இருப்பது சகஜம்.

மனுவில் கேள்வி

கிரீன் கார்டு வாங்கி 5 வருடம் ஆனவர்கள் குடியுரிமை கேட்கலாம். அமெரிக்கக் குடிமக்களை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 வருடம். மனுவின் பெயர் என்-400.

எப்போதாவது கைதானது உண்டா, போலீஸ் சீட்டு கொடுத்தது உண்டா, பிடித்து வைத்தது உண்டா என்று அதில் கேட்கிறார்கள். "வெறும் சீட்டுதானே, ஜெயிலுக்கா போனேன்?" என்று "இல்லை" போட்டால் வில்லங்கம்.

500 டாலர் கணக்கு

சின்ன டிக்கெட்டுக்கு காகிதம் காட்ட வேண்டியதில்லை என்று மனுவுக்கான குறிப்பே சொல்கிறது. ஆனால் கைது இருக்கக் கூடாது. அபராதம் 500 டாலருக்குள் இருக்க வேண்டும், அல்லது லைசென்சில் புள்ளி விழுந்ததோடு முடிந்திருக்க வேண்டும். மதுவோ போதை மருந்தோ சம்பந்தப்படக் கூடாது.

காகிதம் வேண்டாம் என்பது வேறு. கேட்டால் சொல்ல வேண்டாம் என்பது வேறு. இங்கேதான் கோட்டை விடுவது!

கையைத் தூக்கி சத்தியம்

பேட்டி அறையில் முதல் வேலை சத்தியம். பிறகு மனுவை வைத்துக்கொண்டு அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்பார். கைரேகையை வைத்து எப்.பி.ஐ. சோதனை முன்பே நடந்திருக்கும்.

சலுகைக்காக சத்தியத்தின் மேல் பொய் சொன்னால் "நன்னடத்தை இல்லாதவர்" என்று சட்டமே முத்திரை குத்துகிறது. 150 டாலர் டிக்கெட் ஒன்று மனுவைக் கவிழ்க்காது. அதை மறைத்த பொய் கவிழ்த்துவிடும்.

குடித்துவிட்டு ஓட்டினால்

இது பெரிய தலைவலி. மேற்படி 5 வருட காலத்துக்குள் இரண்டு முறை தண்டனை பெற்றால் நன்னடத்தை இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2019 அக்டோபரில் அட்டர்னி ஜெனரல் முடிவு சொன்னார். அப்படி இல்லை என்று நிரூபிப்பது மனுதாரர் பாடு.

2025 ஆகஸ்டில் குடியுரிமை இலாகா இன்னொரு உத்தரவு போட்டது. தாறுமாறாக ஓட்டுவதும், அடிக்கடி விதி மீறுவதும் நன்னடத்தைக் கணக்கில் பார்க்கப்படும் என்றது.

என்ன செய்யலாம்?

பாக்கி அபராதத்தை மனு போடுமுன் கட்டிவிடணும். கட்டாமலும் கோர்ட்டுக்குப் போகாமலும் விட்டால், பல மாநிலங்களில் லைசென்ஸ் முடக்கம், பிடிவாரண்டு வரை போகும். வழக்கு முடிந்ததற்கு கோர்ட் கிளார்க்கிடம் சான்று நகல் வாங்கி பேட்டிக்குக் கொண்டுபோவது நல்லது. எத்தனை டிக்கெட் என்று மறந்து போயிருந்தால் மோட்டார் வாகன இலாகாவில் ஓட்டுநர் பதிவைக் கேட்டு வாங்கலாம். கைதோ குடியோ இருந்தால் முதலில் வக்கீல், பிறகுதான் மனு.

மகனோ மகளோ அங்கே இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லி வைக்கலாம். இன்னொன்றும் சொல்லி வைக்கணும். பேட்டியில் பாஸாகி, உறுதிமொழி விழா வேறொரு நாளில் நடந்தால், அன்றைக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். பேட்டிக்குப் பிறகு டிராபிக் குற்றம் ஏதாவது உண்டா என்று அதிலும் கேள்வி இருக்கு. விழாவுக்குப் போகும்போதும் காரை மெதுவாகத்தான் ஓட்டணும்!