உருகினால்தான் காசு!

ஓட்டலில் சமையல்காரரைக் காணோம். ஒரு கூட்டம் பசியோடு வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள்தான் சூப்பர்வைசர். என்ன செய்வீர்கள்? 'மாஸ்டர் இல்லீங்க, டீ மட்டும்தான்' என்று தலையைச் சொறிவீர்கள், இல்லையா?

இக்னாசியோ அனாயா சொறியவில்லை. இடம், மெக்ஸிகோ நாட்டு எல்லையில் இருக்கும் பியட்ராஸ் நெக்ராஸ் என்ற ஊர். 1940-களின் ஆரம்பம், உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் ஈகிள் பாஸ். அங்கிருந்து சில பெண்மணிகள் ஆற்றைக் கடந்து 'விக்டரி கிளப்' உணவு விடுதிக்கு வந்து, கொறிக்க ஏதாவது கேட்டார்கள். சமையல்காரர் எங்கேயோ போயிருந்தார். அனாயாவே அடுப்படிக்குள் நுழைந்தார்.

கண்ணில் பட்டது மூன்றே மூன்று. மக்காச்சோள ரொட்டி (அவர்கள் பாஷையில் டோர்ட்டியா), சீஸ், ஊறுகாய் போட்ட ஹாலபீனோ மிளகாய். ரொட்டியை முக்கோணமாக வெட்டிப் பொரித்தார். மேலே சீஸைத் துருவிப் போட்டு, சூடு காட்டி உருக்கினார். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மிளகாய் வில்லை. அவ்வளவுதான்!

பெண்மணிகள் தட்டைக் காலி செய்துவிட்டுப் பெயர் கேட்டார்கள். நம்மூர் கிருஷ்ணமூர்த்தி 'கிச்சா' ஆகிற மாதிரி, அங்கே இக்னாசியோக்கள் எல்லாம் 'நாச்சோ'. அந்தச் செல்லப் பெயரையே பலகாரத்துக்கும் வைத்துவிட்டார். இன்று சினிமா தியேட்டர் இடைவேளையில் நீங்கள் வாங்கிக் கொறிக்கும் நாச்சோஸ் அதுதான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1521-ல் ஸ்பானியர்கள் பிடிக்கும்வரை மெக்ஸிகோவில் பசு மாடே கிடையாது. மாடு இல்லை, பால் இல்லை, சீஸும் இல்லை. சோளமும் மிளகாயும்தான் மண்ணின் சொத்து. அந்த மிளகாயைத்தான் போர்ச்சுகீசியர்கள் நம்ம பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களுக்கு மாடு போயிற்று, நமக்கு மிளகாய் வந்தது.

சீஸ் வந்த பிறகு அதை உருக்கித் தின்பதில் மெக்ஸிகோக்காரர்கள் கில்லாடிகள் ஆனார்கள். ஓஹாகா என்ற ஊரின் சீஸ் நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கும். பிய்த்துப் போட்டால் இழை இழையாய் உருகும். வடக்கே சிவாவா மாநிலத்தில் 1922-ல் கனடாவிலிருந்து வந்து குடியேறிய மெனோனைட் கிறிஸ்தவர்கள் செய்யும் சீஸ், வெண்ணெய் போல் வழியும். ரொட்டிக்குள் வைத்து மடித்துச் சுட்டால் 'கேசடியா'. மண் சட்டியில் உருக்கினால் 'கேஸோ ஃபுண்டீடோ'. எல்லை தாண்டி டெக்ஸாஸுக்குப் போனால், மிளகாய், தக்காளி சேர்த்துக் குழம்பு மாதிரி ஒன்று. பெயர் 'சிலி கான் கேஸோ'.

'நம்ம பனீரைப் போட்டால் என்ன?' என்று கேட்பீர்கள். விடிய விடிய சூடு பண்ணினாலும் உருகாது, ஸார்! பாலின் புரதத்தைக் கோத்துப் பிடித்திருப்பது கால்சியம். உறை நொதி சேர்த்துச் செய்யும் சீஸில் அந்தப் பிடி சூட்டில் தளர்ந்து, எல்லாம் வழிந்து ஓடும். சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் புளிப்பு அந்தக் கால்சியத்தைக் கழற்றிவிடும். புரதம் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்க முடியாது.

உருகும் சீஸுக்கும் ஒரு கோபம் உண்டு. தீ அதிகமானால் எண்ணெய் தனி, ரப்பர் தனி என்று பிரிந்துவிடும். 1911-ல் சுவிட்சர்லாந்தில் இரண்டு பேர் சிட்ரேட் உப்பைச் சேர்த்து இதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள். 1916-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமையே வாங்கினார். கடைகளில் கட்டியாய் விற்கும் ப்ராசஸ்டு சீஸ் இந்த வம்சம்தான். லேசில் பிரியாது.

ரூமில் ஒற்றை அடுப்பு வைத்திருக்கும் பிரம்மச்சாரிகள் கவனிக்க. ஒரு ஸ்பூன் வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் வதக்குங்கள். ஒரு ஸ்பூன் மைதா போட்டு ஒரு நிமிஷம் கிளறுங்கள். ஒரு டம்ளர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கெட்டியானதும் தீயைச் சிம்மில் வையுங்கள். துருவிய சீஸ் 150 கிராம், பிடி பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். கடைசியில் விதை எடுத்த தக்காளி. உப்பை மட்டும் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். சீஸிலேயே உப்பு இருக்கிறது. சோள சிப்ஸ் கிடைத்தால் ஜோர். கிடைக்காவிட்டால் மிஞ்சின சப்பாத்தியை முக்கோணமாக வெட்டி, மொறுமொறுவென்று சுட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள். மேலிருந்து அனாயா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவர் கதையின் வரவு-செலவையும் பார்த்துவிடுவோம். பலகாரம் டெக்ஸாஸ் முழுக்கப் பரவியது. உரிமையைப் பதிவு செய்யலாமா என்று பின்னாளில் வக்கீலைக் கேட்டபோது, காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. 1975-ல் அனாயா காலமானார்.

அடுத்த வருஷமே, 1976-ல், டெக்ஸாஸின் ஆர்லிங்டன் பேஸ்பால் மைதானத்தில் ஃபிராங்க் லிபர்ட்டோ என்ற வியாபாரி நாச்சோஸ் விற்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டாக வைத்துச் சீஸ் உருக்கிக்கொண்டிருந்தால் க்யூவில் நிற்கிறவன் ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுவான். லிபர்ட்டோ, ஆறினாலும் இறுகாத சீஸ் சாஸ் தயாரித்து, கரண்டியால் ஊற்றிக் கொடுத்தார். செய்முறையைப் பரம ரகசியமாக வைத்துக்கொண்டார். காசு கொட்டியது.

ருசியைக் கண்டுபிடித்தவருக்குப் பெயர். அதை இறுகாமல் வைத்திருக்கத் தெரிந்தவருக்குப் பணம். ஆபீஸில் உங்கள் ஐடியாவை அடுத்த ஸீட்காரர் எம்.டி.யிடம் சொல்லி இன்க்ரிமென்ட் வாங்கும்போது பியட்ராஸ் நெக்ராஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று... இன்றைக்கும் உலகம் கொறிப்பது 'நாச்சோஸ்'தான். 'லிபர்ட்டோஸ்' கொடுங்கள் என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்பதில்லை!