பலகையை வளைக்கும் ஒளி

கலஹா மலைப்பகுதியினருக்கு ஒட்டுப்பலகை புதிதன்று. முன்னாளில் தேயிலை கப்பலேறியது அப்பலகைப் பெட்டிகளிலேதான். அதே பலகையால் அவரவர் மூக்குக்கண்ணாடிக்கு அளவான கூடும் செய்யலாம். அதனை வெட்டுவது லேசர் ஒளி.

இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல் 1964 இல் அமெரிக்காவில் காபனீரொட்சைட்டு லேசரை உருவாக்கினார். மரம் வெட்டும் பொறிகள் பலவற்றில் இன்று இயங்குவது அவ்வகை லேசரே. அதன் ஒளி ஒரு புள்ளியிற் குவியுமிடத்தில் மரம் எரிந்து ஆவியாகும்.

மடித்த கண்ணாடியை அளந்து, சுற்றிலும் சிறிது இடம் விட்டுக் கணினியில் உருவம் வரைதல் வேண்டும். 3 மில்லிமீற்றர்ப் பலகையில், வளையவேண்டிய இடத்திலே குறுங்கோடுகளைச் செங்கல் வரிசைபோல் மாற்றிமாற்றி வெட்டினால், இடையிலுள்ள மெல்லிய கீற்றுகள் சிறிது சிறிதாக முறுக்கேறும். விறைத்த பலகை வளைந்து கொடுக்கும். இருபக்கமும் மூடி ஒட்டி, கருகிய விளிம்புகளைத் தேய்த்து, உள்ளே மென்துணி பதிக்கவேண்டும்; இன்றேல் வில்லையிற் கீறல் விழும்.

புறத்தே அழகு கருதிப் பீ.வீ.சீ. பூசிய செயற்கைத் தோலை அப்பொறியில் வெட்டுதல் ஒருபோதும் ஆகாது. அதிலிருந்து எழும் ஐதரசன் குளோரைட்டு வாயு நுரையீரலுக்குக் கேடு, பொறியையும் அரித்துவிடும். அத்தோலே வேண்டுமெனில், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பலகையை வெட்டும்போதும், புகைபோக்கி இயங்கவேண்டும். தீப்பற்றக்கூடுமாதலால், வேலை முடியும்வரை ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும்.